வாசல் இருமல்

"உங்க தெரு இருமவே இல்லீங்க, சிஸ்டர்."

கோயம்புத்தூர் திட்ட அலுவலகத்திலிருந்து தாரிணி போனில் இப்படிச் சொன்னதும் நர்ஸ் எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெரு எங்க மேடம் இருமும்? ஆளுதான இருமும்."

"ஆளுங்களும் இருமலைங்க. நாப்பத்திரண்டு வீடு, மூணு மாசம். எண்ணிக்கையில வந்தது வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு. வடக்குத் தெருவுக்கு 'அமைதி'ன்னு தரம் போட்டுருச்சு. இந்த வெள்ளிக்கிழமையோட எக்ஸ்ரே வண்டியை வேற ஊருக்கு மாத்தறாங்க. உங்களையுந்தான்."

"என்னையுமா? எங்க?"

"கல்குவாரிப் பக்கம். அங்க நெறைய இருமறாங்களாம்."

எப்சிபா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் நின்றுகொண்டிருந்ததே சாலைக்குளம் வடக்குத் தெருவில்தான். நாற்பத்திரண்டு வீட்டிலும் பீடி சுற்றுகிறார்கள். தெருவுக்குள் நுழைந்ததுமே புகையிலைத் தூளின் காரம் மூக்கில் ஏறும். வெளியூர்க்காரர்கள் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் விலாசமே கேட்பார்கள். இந்தத் தெரு இருமவில்லையாம்.

அது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம். காசநோயை ஒழிப்பதற்காக வெஸ்டர்லின் அறக்கட்டளை என்ற வடதேசத்துக் கொடையாளர்கள் பதினொரு நாடுகளில் ஒரு திட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அவர்களுடைய எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போய், வாசல் வாசலாக நின்று, எல்லோரையும் ஏற்றிப் பார்த்தது. நூறு பேரைப் பார்த்தால் இரண்டு பேருக்கு நோய் இருக்கும். மிச்சம் தொண்ணூற்றெட்டுப் பேருக்குச் செலவான டீசலும் நேரமும் நர்சும் வீண் என்று கொடுக்கிறவர்களுக்குப் பட்டது. படாமல் இருக்குமா? அதற்காக வந்ததுதான் 'செவி'. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வாசல் நிலைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. பேச்சு அதற்குப் புரியாது. இருமலை மட்டும் எண்ணும். எந்த வீட்டு இருமலில் நோயின் சாயல் இருக்கிறதோ அந்த வீட்டு முன்னால் மட்டும் வண்டி போய் நிற்கும்.

பேச்சு புரியாது என்று எப்சிபா நூறு தடவை சொல்லிவிட்டாள். தெருப் பெண்கள் நம்பவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நாத்தனா'. "ஏட்டி, மெதுவாப் பேசு. செவுத்துல நாத்தனா இருக்கா" என்பார்கள்.

"மேடம், செவிக்குக் காது அடைச்சிருக்கும். இங்க அவ்வளவு தூசி" என்றாள் எப்சிபா.

"அதையும் பாத்துட்டேனுங்க. நல்லாத்தான் கேக்குது. கேட்டதைக் கழிச்சிருக்குது."

"எதைக் கழிச்சிருக்கு?"

"வாசல் இருமலைத்தானுங்க. நீங்க சொல்லித்தானே அதைப் போட்டோம்?"

ஆமாம், அவள் சொன்னதுதான். போன வருடம் மதுரையில் பயிற்சி நடந்தது. செவி வந்த புதிதில் இந்தப் பக்கத்து ஊர்களில் கணக்கு தாறுமாறாக ஏறியது. நோயே இல்லாத வீட்டு முன்னால் வண்டி போய் நின்றது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. எப்சிபாதான் எழுந்து சொன்னாள்: "எங்க பக்கம் ஆம்பளையாளுக வீட்டுக்குள்ள சடார்னு நுழைய மாட்டாங்க. வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமுவாங்க. உள்ள பொம்பளைங்க மாராப்பைச் சரி செஞ்சு, மடியில இருக்கிறதைக் கீழ வச்சு, எந்திரிச்சு நிப்பாங்க. அதுக்கப்புறம்தான் மாமனாரு உள்ள வருவாரு. அது நோய் இல்ல, மேடம். மரியாதை." அவள் மாமனார் இருமுகிற மாதிரி இருமியும் காட்டினாள். கூடமே சிரித்தது. கோயம்புத்தூர்க்காரப் பெண்ணான தாரிணி மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். வாசலில் இருமல், கூடவே உள்ளே சாமான் கீழே வைக்கிற சத்தம், ஆள் எழுந்திருக்கிற சத்தம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது அறிவிப்பு, கழித்துவிடு என்று செவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். வண்டி வீணாகப் போவது அதோடு நின்றது. தாரிணிக்குப் பாராட்டு வந்தது. எப்சிபாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது.

"மேடம், கழிச்சதை எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"இருக்குமுங்க. எதுக்கு?"

"வீடு வாரியா எத்தனை கழிச்சிருக்குன்னு பாக்கணும்."

"குப்பைக்கூடையைக் கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்றாள் தாரிணி. ஆனால் அவள் குரலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இருங்க, தேடறேன். ம்... வந்துருச்சு. ஏனுங்க சிஸ்டர், உங்க ஊர்ல இவ்வளவு மரியாதையா? பதினாலாம் நம்பர் வீட்டுல ஒரு நாளைக்கு அறுபத்தொரு வாசல் இருமல். அந்த மாமனாருக்கு வேற வேலையே இல்லீங்களா? வர்றதும் போறதுமாவே இருப்பாரா?"

எப்சிபா பதினாலாம் நம்பர் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பூரணத்தக்கா வீடு. அங்க ஆம்பளையே கிடையாது, மேடம்."

பூரணத்துக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்து பத்து வருடமாகிறது. மகன் மஸ்கட்டில். வீட்டில் அவளும், மருமகள் சுபாவும், சுபாவின் நாலு மாதப் பிள்ளையும்தான்.

எப்சிபா போனபோது மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மடியில் முறம் மாதிரிச் சுளகு, சுளகில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள். பிள்ளை மூலையில் தொட்டிலில் தூங்கியது.

"வாங்க சிஸ்டர். இருங்க. என்ன, நாத்தனா எதும் வத்தி வச்சாளா?" என்றாள் பூரணம்.

"சும்மா வந்தேன் யக்கா. உங்க வேலையைப் பாருங்க."

"சும்மா வந்தேன்னு சொல்லுத ஆளப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

எப்சிபா சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தானாக ஓடின. இலையில் தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி. பத்துப் பீடி ஆகியிருக்கும். பூரணம் கையை நிறுத்தினாள். சுளகை மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்தாள். இரண்டு எட்டில் வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்று இருமினாள். அடியிலிருந்து கிளம்புகிற இருமல். தோள் இரண்டும் குலுங்கின. துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சுளகை எடுத்தாள். சுபா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதே சத்தங்கள். சாமான் கீழே வைப்பது, ஆள் எழுந்திருப்பது, வாசலில் இருமல்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இருமுததுக்கு எதுக்கு எந்திரிச்சு வாசலுக்குப் போறீங்க?"

பூரணம் மருமகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சிஸ்டர் வீட்டுல பீடி சுத்துனதே கிடையாது போல" என்றாள் சுபா.

"எங்கப்பா பாளையங்கோட்டையில வாத்தியாரு."

"அதாம்லா! சுளகு மேல இருமுனா என்னாவும்? தூளு பூராவும் மேல எழும்பும். என் கண்ணுல விழும், எதுத்தாப்புல இருக்கவ கண்ணுல விழும். எச்சி பட்ட எல விரிஞ்சுக்கிடும். பீடிக் கடையில கணக்கப்பிள்ளை கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு மூஞ்சில எறியுவாரு. எனக்கு ஏழு வயசுல எங்கம்மா மொத மொத சுளகு குடுத்தா. அன்னைக்கே அதுமேல இருமிட்டேன். அகப்பைக் காம்பால போட்டா பாருங்க ஒரு போடு! அன்னையிலருந்து, செத்துப்போற இருமல் வந்தாலும் எந்திரிச்சுப் போயித்தான் இருமுவேன்."

"தெருவுல எல்லாரும் இப்படித்தானா?"

"பொறவு? மடியில வச்சுக்கிட்டா இருமுவாவ?"

எப்சிபா இத்தனை வருடம் இந்தத் தெருவுக்கு வந்துபோகிறாள். கண்ணெதிரே எத்தனையோ தடவை நடந்திருக்கும். ஆண்கள் வாசலில் இருமுவது அவளுக்குத் தெரியும். பெண்கள் வாசலுக்குப் போய் இருமுவதை அவள் பார்த்ததாகவே நினைவில்லை. அவள் பார்க்காததைச் செவியும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா யக்கா இந்த இருமல்?"

பூரணத்தின் சிரிப்பு நின்றது. "தூளுதான. கார்த்திகை வந்தா நிக்கும்."

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்கா?"

"அத்தை, நீங்க சொல்ல மாட்டிய, நான் சொல்லுதேன்" என்று சுபா மாமியாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அடிக்கு சிஸ்டர். ராத்திரி வேர்த்து ஊத்துது. ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு."

"ஏட்டி, நீ நாத்தனாளவிட மோசம்."

எப்சிபா பையிலிருந்து மூடி போட்ட சின்னச் சளி டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். "இதுல ஒரு தடவை துப்பித் தாங்க. அவ்வளவுதான். டவுன் ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரத்துல சொல்லிருவாங்க."

"மாட்டேன்."

"யக்கா, பிள்ளை இருக்கு வீட்டுல."

"அதுக்குத்தாம்லா வாசல்ல போயி இருமுதேன்! நாலு மாசமா அதை நான் மடியில எடுக்கல. தெரியுமா உங்களுக்கு?" பூரணத்துக்குக் குரல் ஏறியது. "இந்த டப்பா போனா, அடுத்தாப்புல என்ன வரும்? உங்க வண்டி வரும். எங்க வந்து நிக்கும்? என் வாசல்ல. என் வாசல்ல மட்டும். மத்தியானம் வண்டி நின்னா சாயங்காலம் கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போவும். 'பூரணம், கொஞ்ச நாளைக்கு நீ இலை, தூள் வாங்க வராத'ம்பாரு. சீக்காளி சுத்துன பீடின்னா எவன் வாங்குவான்? எனக்கு மட்டுமா, அதே வீடுன்னு இவளுக்கும் நிப்பாட்டுவாவ. மகன் அனுப்புதது அவன் வாங்குன கடனுக்கே காணாது. நாங்க என்னத்தத் திங்க?"

"முன்னால வண்டி வந்தப்போ நீங்க ஏறுனீங்களே?"

"முன்னால எல்லா வாசல்லயும் நின்னுச்சு. எல்லாரும் ஏறுனோம், எல்லாரும் எறங்குனோம். எவளுக்கு என்னன்னு எவளுக்குத் தெரியும்? எங்க தெருவுல அப்ப நாலு பேரு மாத்திரை தின்னாவன்னு நீங்கதான் சொன்னிய. இன்னைக்கு வரைக்கும் அந்த நாலு பேரு யாருன்னு எனக்குத் தெரியாது. இப்பத்தான் உங்க வண்டிக்கு ரொம்பப் புத்தி வந்துட்டே. நேரா சீக்காளி வீட்டுக்கு வந்துல்லா நிக்கு."

எப்சிபா டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

தாரிணி முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அப்போ நான் பீடி சுத்தறவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெளிய போட்டிருக்கேன்" என்றாள்.

"நாம ரெண்டு பேரும், மேடம்."

"அந்த விதியை எடுத்துரலாம்னா என் கையில இல்லீங்க. பதினொரு நாட்டுக்கும் அனுப்பியாச்சு. இதைப் பத்தி அவங்க வருஷ அறிக்கையில ரெண்டு பக்கம் போட்டிருக்காங்க. எடுக்கணும்னா குழு கூடணும். மூணு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை வண்டி போயிருமே."

"ஒரே ஒரு வழி இருக்குங்க. 'அமைதி'ன்னு தரம் போட்ட தெருவுல, பரிசோதனையில உறுதியான நோயாளி ஒருத்தர் இருந்தாப் போதும். தரம் தப்புன்னு அதுவே ரத்தாயிரும். வண்டி தெருவுலயே நின்னுரும். யாரையும் கேக்க வேண்டாம். ஒரே ஒரு ஆள், சிஸ்டர். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள."

"பூரணத்தக்கா தர மாட்டாங்க."

"வேற யாராச்சும்?"

"கேக்கேன்."

"நானும் சும்மா இருக்கலைங்க. கழிச்சதையெல்லாம் தனியா எடுத்து, அந்த விதி இல்லாம என் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறேன். எங்கெங்க எத்தனை பேர்னு தெரியுமில்லீங்களா."

"ஆளு பேரு வருமா?"

"வராதுங்க. குரலை வெச்சு ஆளைப் பிரிக்கக் கூடாதுன்னு அவங்க கறாராச் சொல்லிட்டாங்க. எந்த வீடு, எந்த நேரம். அவ்வளவுதான்."

புதன்கிழமை முழுக்க எப்சிபா தெருவில் அலைந்தாள். மூன்றாம் வீட்டில் கேட்டால், "எனக்கென்ன சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன். ஏழாம் வீட்டுக்காரியக் கேளுங்க, அவதான் நாய் குலைக்க மாதிரி இருமுதா" என்றாள். ஏழாம் வீட்டுக்காரி, "மூணாம் வீட்டுக்காரி சொன்னாளாக்கும்? அவ துப்புததப் பாத்துட்டு வந்து எங்கிட்ட டப்பாவ நீட்டுங்க" என்றாள். இருபதாம் வீட்டில் ஒரு பெண் டப்பாவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூடி நல்லா இறுக்கமா இருக்கே. ரெண்டு குடுங்க, ஏலக்கா போட்டு வைக்கேன்" என்றாள். அதற்கு எப்சிபாவாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது பன்னிரண்டு டப்பாக்களும் காலியாகவே இருந்தன.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாரிணி கூப்பிட்டாள். குரலில் ஒரு பரபரப்பு.

"சிஸ்டர், விதி இல்லாம ஓட்டினேன். உங்க தெரு அமைதியெல்லாம் இல்லீங்க. ஆறு வீட்டுல சந்தேகம் இருக்குது. பதினாலு கட்டாயம். ஆனா நான் கூப்பிட்டது அதுக்கில்ல. ஒரு வேடிக்கை இருக்குதுங்க. ஒரு இருமல் எந்த வீட்டுலயும் நிக்க மாட்டேங்குது."

"நிக்க மாட்டேங்குதுன்னா?"

"நடக்குதுங்க! ஆள் யாருன்னு தெரியாது, ஆனா வாசல் வாசலா வரிசையாப் போகுது. ஒன்பது பத்துக்கு ஒண்ணாம் வீட்டு வாசல்ல கேக்குது. ஒன்பது இருபத்தஞ்சுக்கு ரெண்டாம் வீடு. அப்புறம் மூணு. வரும்போது இருமுது, போகும்போது இருமுது. பால்காரருங்களா?"

"பால்காரரு விடியக்காலம் அஞ்சரைக்கே போயிருவாரு."

"பூக்காரம்மா?"

"அவங்க தெருவுல நடந்துக்கிட்டே கூவுவாங்க. வாசல்ல நிக்க மாட்டாங்க."

"திங்கக்கிழமை ஒண்ணுலருந்து பத்து. செவ்வாய்க்கிழமை பதினொண்ணுலருந்து இருபது. அப்படியே வெள்ளிக்கிழமை வரைக்கும். சனி, ஞாயிறு கிடையாது. பாருங்களேன், எவ்வளவு ஒழுங்கா இருக்குது! ஆனி மாசம் வாசலுக்கு ஒரு தடவைதான் இருந்துது. இப்ப ஆறு, ஏழு. எனக்கு ராத்திரி பூரா இதே யோசனைங்க. யாருங்க இது, இப்படி டைம்டேபிள் போட்டு..."

தாரிணி பாதியில் நிறுத்தினாள். எப்சிபா ஏற்கெனவே தன் வருகைப் பதிவு நோட்டைப் பிரித்திருந்தாள். திங்கள், ஒன்று முதல் பத்து. ஒன்பது பத்து. ஒன்பது இருபத்தைந்து. அவள் கையெழுத்துதான்.

"சிஸ்டர்?"

"இருக்கேன், மேடம்."

"நான் யோசிக்காம சொல்லிட்டேனுங்க. ஒருவேளை..."

"ஒருவேளை எல்லாம் இல்ல. நான்தான்." எப்சிபா நோட்டை மூடினாள். "பொம்பளைங்க மடியில சுளகோட இருப்பாங்க. திடீர்னு போயி நின்னா தூக்கிவாரிப் போட்டுத் தூளைக் கொட்டிருவாங்க. அதனால வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமிட்டு நுழையறது. பழக்கம். அப்படித்தான் நினைச்சிருந்தேன், மேடம். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு ஆறாச்சு. அது மரியாதைன்னு என் இருமலை நானே கழிச்சிருக்கேன்."

தாரிணி மெதுவாகக் கேட்டாள்.

"உடம்பு இளைச்சுதுங்களா?"

"எங்க வீட்டுக்காரரு, அலைச்சலைக் குறைன்னாரு. நான் கேக்கல."

"சிஸ்டர், மொதல்ல முகமூடியைப் போட்டுக்கங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

"போறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூரணத்தக்காகிட்டருந்து எனக்கு வந்ததா, எங்கிட்டருந்து அவங்களுக்குப் போனதா?"

"செவிக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அதுக்கு எண்ண மட்டுந்தான் தெரியும்."

டவுன் ஆஸ்பத்திரியில் எப்சிபா தானே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போனாள். வெட்டவெளியில் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, அடியிலிருந்து இருமித் துப்பினாள். எத்தனையோ பேருக்கு எப்படித் துப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள்தான். மூடியை இறுகத் திருகி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்றரை மணிக்கு முடிவு வந்தது. அவள் பயந்ததுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து தாரிணியைக் கூப்பிட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு. என்னைய வடக்குத் தெரு கணக்குல சேர்க்கலாமா?"

"சேர்த்தாச்சுங்க. நீங்க அந்தத் தெருவுக்குப் போட்ட ஆள்தானே? முடிவு வந்த நிமிஷமே 'அமைதி' ரத்தாயிருச்சு." தாரிணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இன்னும் ஒண்ணு சொல்லட்டுங்களா? விதிப் புத்தகத்துல ஒரு விதி இருக்குது. இதுவரைக்கும் யாரும் எடுத்ததே இல்ல. பணியாளர் ஒருத்தருக்கே நோய்னு வந்தா, மூணு மாசத்துல அவங்க வாசப்படி ஏறின எல்லா வீட்டுக்கும் வண்டி போகணும். பொறுக்கக் கூடாது. வீடு தவறாம நிக்கணும்."

"எல்லா வீட்டுக்குமா?"

"நாப்பத்திரண்டுக்கும். நீங்க எதைச்சும் விட்டிருக்கீங்களா?"

"ஒண்ணும் விடல மேடம்" என்றாள் எப்சிபா. பிறகு ஏதோ நினைவு வந்தவளாகச் சேர்த்துச் சொன்னாள்: "பீடிக் கடைக்கும் போயிருக்கேன். கணக்கப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பாக்க, மாசம் ஒரு தடவை."

"அப்ப அதையும் போட்டுக்கறேனுங்க. நாப்பத்திமூணு."

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வடக்குத் தெருவுக்குள் நுழைந்து முதல் வாசலில் நின்றது. ஓட்டுநருக்கு நம்ப முடியவில்லை. "ஒண்ணு விடாமலா?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு எப்சிபா எந்த வீட்டு வாசலும் ஏறக்கூடாது. மாத்திரை அன்று காலையே தொடங்கியாகிவிட்டது. முகமூடி போட்டுக்கொண்டு தெருமுனையில் மின்கம்பத்தடியில் நின்றாள். விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்திருந்தது.

"வாயை மூடி இருமுங்க, வாயை மூடி இருமுங்கன்னு எங்களுக்குப் பாடம் எடுத்துட்டு, நீங்க எங்க வாயை வச்சிருந்திய சிஸ்டர்?" என்று ஏழாம் வீட்டுக்காரி கேட்டாள்.

"டப்பாவக் கொண்டு வாங்க, ஏலக்காயக் கொட்டிட்டுத் துப்பித் தாரேன்" என்றாள் இருபதாம் வீட்டுக்காரி.

மூன்றாம் வீட்டுக்காரி ஒரு செம்பு நிறைய மோரைக் கொண்டுவந்து மின்கம்பத்துக்குப் பத்தடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

வண்டி பதினாலாம் வாசலுக்கு வந்தது. கடை வாசலிலிருந்து கணக்கப்பிள்ளை எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். சுபா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் ஏறினாள். அவள் பின்னால் பூரணம், இலைக்கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், வாசலில் நின்றபடியே சத்தத்தைத் தொடங்கினாள்.

"ஒரு தெருவுக்கே இந்தக் கூத்தா? ஒருத்தி நோயத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்துட்டுப் போவா, நாங்க வேலை வெட்டியப் போட்டுட்டு வண்டி ஏறணுமாம்! இலைய நனையப் போட்டுட்டு வந்திருக்கேன், அழுகினா யாரு தருவா? நல்லா இருக்கு சிஸ்டர், நீங்க பாத்த வேலை!"

தெருவே கேட்டது. எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னக்கா, எல்லாருமா ஏறணும்?" என்று கணக்கப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"எல்லாருந்தான். உம்ம கடைக்கும் வண்டி வருதாம்வே. உமக்கு பிரஷர் பாக்க வந்தாவல்லா, அப்ப எங்க போச்சு உம்ம கேள்வி? மொதல்ல போயி வரிசையில நில்லும்!"

கணக்கப்பிள்ளை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

பூரணம் வண்டிக்குள் போனாள். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது என்றால் அவளுக்கும் அவ்வளவுதான் ஆனது. தெருவில் யாரும் நேரம் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி அவளை முந்திக்கொண்டு ஏறுவதில்தான் குறியாக இருந்தாள். பூரணம் இறங்கி, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருமுனைக் குழாயில் முகம் கழுவப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள். மின்கம்பத்தைத் தாண்டும்போது நிற்கவில்லை. எப்சிபாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நடை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

"பிள்ளைக்குப் பாத்துட்டாவ. நெஞ்சு சுத்தமா இருக்காம். இருந்தாலும் மருந்து ஊத்தச் சொல்லியிருக்காவ."

"நீங்க, யக்கா?"

"டப்பா குடுத்தாவ. வாசல்ல துப்புதத அதுல துப்பிட்டேன்" என்றாள் பூரணம். "ஆறு மாசத்துல பிள்ளைய எடுக்கலாமான்னு உள்ள இருக்க பொண்ணுகிட்டக் கேட்டேன். ஒழுங்கா மாத்திரை தின்னா அவ்வளவு நாள் ஆவாதுங்கா. நெசமா?"

"நெசந்தான்."

"அப்பச் சரி."

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். திரும்பி வரும்போது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, மறுபடியும் முதலிலிருந்து ஏச ஆரம்பித்தாள்.